தண்ணீரின் கோணம் ஏன் குறைகிறது?

கேள்வி: மீத்தேன், அம்மோனியா, தண்ணீர் மூன்றிலும் மைய அணுவைச் சுற்றி நான்கு எலக்ட்ரான் இரட்டைகளே இருக்க, பிணைப்புக் கோணம் ஏன் மாறுகிறது? – பிளஸ் டூ மாணவி, மயிலாப்பூர், சென்னை.

பதில்: மெரினாவில் விற்கும் பலூன்களில் நான்கை வாங்கி, வாய்ப்பக்கத்தை ஒன்றாக முடிந்து பாருங்கள், ஒன்றையொன்று தள்ளி நான்முகி வடிவில் நிற்கும். எலக்ட்ரான் இரட்டைகளும் அப்படியே ஒன்றையொன்று தள்ளுகின்றன; மீத்தேனின் 109.5 பாகை இப்படி வந்ததுதான். பிணைப்பு இரட்டையை இரு அணுக்கருக்கள் இழுத்துப் பிடிப்பதால் அது ஒடுங்கியிருக்கிறது. பிணைப்பில் சேராத தனித்த இரட்டையையோ மைய அணு மட்டுமே பிடித்திருப்பதால், அது அவ்வணுவை ஒட்டி அகலமாகப் பரவி, அருகிலுள்ள பிணைப்புகளை நெருக்குகிறது. ஆகவே ஒரு தனித்த இரட்டையுள்ள அம்மோனியாவில் கோணம் ஏறத்தாழ 107, இரண்டுள்ள தண்ணீரில் 104.5 பாகை. 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் வகுத்த இவ்விளக்கம் எளியதே. ஆயினும் தண்ணீரைப் போலவே இரண்டு தனித்த இரட்டைகளுள்ள ஹைட்ரஜன் சல்பைடின் 92 பாகைக்கு (மனப்பாடம் செய்பவர்கள் சறுக்கும் இடம் இது) இது மட்டும் போதாது.