மெஷினை விற்கும் முன் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

நானுஓயாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "22 வருடமாக நுவரெலியா ஹோட்டல்களிலும் தோட்டத்து பங்களாக்களிலும் புல்தரை பராமரித்து வருகிறேன். வயது 59. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன் கொழும்பில் வேலை செய்கிறான், இந்தத் தொழிலுக்கு வரமாட்டான். மூன்று பங்களாக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நினைக்கிறேன். ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மெஷின் ஒன்று, தள்ளும் மெஷின் நான்கு, சிலிண்டர் மெஷின் ஒன்று, பிரஷ் கட்டர் ஐந்து இருக்கின்றன. ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுக்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? இல்லாவிட்டால் ரிப்பேர் பார்த்து, பெயின்ட் அடித்து ஒவ்வொன்றாக விற்பதா? என்னிடம் நான்கு பொடியன்கள் வேலை செய்கிறார்கள்."

மொத்தமாகக் கொடுக்காதீர்கள், ஐயா. மொத்தமாகக் கேட்கிறவருக்கு உங்கள் பதினொரு மெஷினும் தேவையில்லை. அவர் கண் இரண்டு மூன்றில்தான் இருக்கும். மற்றதெல்லாம் அவருக்கு ஸ்பெயார் பார்ட்ஸ். விலை சொல்லும்போது உங்களிடமுள்ள மோசமான மெஷினைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார், நல்லதின் விலையும் அதோடு சேர்ந்து இறங்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி. அந்த நான்கு பொடியன்களும்தான் உங்களுடைய முதல் வாடிக்கையாளர்கள். எந்த மெஷின் காலையில் மூன்றாவது இழுவையில் ஸ்டார்ட் ஆகும், எது ஈரப் புல்லில் திணறும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வெளியாள் சந்தேகத்துக்காகக் குறைக்கும் பணத்தை அவர்கள் குறைக்க மாட்டார்கள். கையில் காசு இல்லை என்பதுதான் அவர்களுடைய ஒரே சிக்கல்.

ஆகவே முதலில் மெஷின்களை விட்டுவிட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் கைவிடப்போகும் ஹோட்டல் எது, பங்களா எது, மாதம் எத்தனை தரம் வெட்ட வேண்டும், என்ன தருகிறார்கள். அதற்குப் பக்கத்தில் அந்த வேலைக்கு எந்த மெஷின் வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு பொடியன்களில் யாருக்கு விருப்பம், யாருக்குப் பொறுப்பு உண்டு என்று பார்த்து, ஹோட்டல் மனேஜரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். ஒப்பந்தம் உங்கள் சொத்தல்ல, அதை விற்க முடியாது. மனேஜர் சம்மதித்தால்தான் அது கைமாறும். ஆனால் 22 வருடம் ஒழுங்காக வந்து போன ஒருவர் தன் வாயால் "இவன் செய்வான்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். அப்படி மாத வருமானத்தோடு சேர்ந்து கைமாறும் மெஷினுக்கும், வெறும் இரும்பாக கராஜ் மூலையில் நிற்கும் மெஷினுக்கும் விலை ஒன்றாக இருக்காது. வாங்குகிறவனாலும் தவணையைக் கட்ட முடியும். மூன்றில் ஒரு பங்கு கையில், மீதி ஐந்தாறு மாதத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்தப் பொடியன்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மெஷினின் மொடல், தொடர் இலக்கம், தொகை, தவணைத் திகதி, இருவரின் அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உறவு கெடாமல் இருப்பதற்குத்தான் இந்த எழுத்து.

இனி விலை. பழைய பில்லைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது. அதற்கு முன் வாங்கிய இறக்குமதிச் சாமானின் பில் இன்றைய விலைக்கு எந்த வழியும் காட்டாது. அதே மொடல், அதுவே இல்லையென்றால் அதே வலுவுள்ள மெஷின் இன்று கடையில் புதிதாக என்ன விலை என்று கேட்டு அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள். நன்றாகப் பராமரித்த, புகை இல்லாத தள்ளும் மெஷினுக்குப் புதிய விலையில் பாதியைத் தாண்டிக் கேட்டால் வாங்குகிறவர் புதியதையே யோசிப்பார். இது என் அனுபவக் கணக்கு. அந்தப் பாதியிலிருந்து வாங்குகிறவர் உடனே மாற்ற வேண்டிய பிளேட், பெல்ட், சக்கரம் ஆகியவற்றின் விலையைக் கழியுங்கள். நீங்களே கழித்துச் சொன்னால் பேரம் அங்கேயே நின்றுவிடும்.

எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதுதான் வயதைவிட முக்கியம். ஏறி ஓட்டும் மெஷினில் பெரும்பாலும் மீற்றர் இருக்கும். தள்ளும் மெஷினில் இல்லை, ஆனால் உங்கள் வேலைக் கொப்பி இருக்கிறதே. வாரம் 12 மணித்தியாலம், வருடத்தில் 45 வாரம் என்றால் 540 மணித்தியாலம். நான்கு வருடத்தில் 2,160. வீட்டுப் பாவனைக்காகச் செய்த மெஷினுக்கு இது மிக அதிகம், தொழில் பாவனைக்காகச் செய்ததற்கு இன்னும் ஆயுள் உண்டு. எந்த வருடத்து எஞ்சின் என்று மறந்துவிட்டதா? பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ரட்டன் எஞ்சின் என்றால் அதன் உடம்பில் பொறித்திருக்கும் கோட் இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு நாள். 160412 என்று தொடங்கினால் 2016 ஏப்ரல் 12. விவரமுள்ளவர் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பார். நீங்கள் சொல்லும் வருடமும் அதுவும் பொருந்த வேண்டும்.

பெயின்ட் அடிக்கவே வேண்டாம். புதுப் பெயின்டைக் கண்டால் அனுபவமுள்ளவர் வெடிப்பையும் வெல்டிங்கையும் தேடத் தொடங்குவார். எஞ்சினைப் பிரித்து உள்சுவரைக் கடையவும் (போர் அடிப்பது என்பார்கள்) வேண்டாம், அந்தச் செலவு விலையில் திரும்பி வராது. சின்ன வேலைகளை மட்டும் செய்யுங்கள். எஞ்சின் ஒயில், பிளக், எயார் பில்டர் மாற்றுங்கள். பிளேட்டைத் தீட்டி, நடுத்துவாரத்தில் ஆணியில் தொங்கவிட்டு இரு பக்கமும் சமமாக நிற்கிறதா பாருங்கள். நமது கிக்குயு புல் பாய் மாதிரி அடர்ந்தது, ஈரத்தோடு வெட்டும்போது மெஷினின் அடிவயிற்றில் அப்பிக் காய்ந்துவிடும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் தகரம் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மரத்துண்டால் சுரண்டுங்கள், பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள், பெயாரிங்குக்குள் தண்ணீர் போய்விடும்.

இன்னொன்று கட்டாயம். கைப்பிடியை விட்டதும் எஞ்சின் நிற்பதற்கு ஒரு கம்பி இருக்கிறதல்லவா, அதைப் பொடியன்கள் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கராஜுக்கு வரும் மெஷின்களில் பாதியில் அதைப் பார்க்கிறேன். அதை அவிழ்த்து, கேபிளைச் சரிசெய்து, வேலை செய்வதை உறுதிப்படுத்தாமல் ஒரு மெஷினையும் கைமாற்றாதீர்கள். சரிவில் கால் வழுக்கினால் ஒருவனுடைய பாதத்தைக் காப்பாற்றுவது அந்தக் கம்பி ஒன்றுதான்.

ஆள் பார்க்க வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். அவர் கையாலேயே எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணட்டும். நுவரெலியாக் காலைக் குளிரில் எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் ஆகும் மெஷினுக்கு நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, அதை மறைக்க முடியாது, முதலிலேயே சொல்லி விலையைக் குறையுங்கள். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. இந்த இடத்தில் நம் மலைநாட்டுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை விரிவாக எழுதினேன்.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3.5 சதவீத வலுவை இழக்கும். நமது உயரத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். போதாக்குறைக்கு, கடல்மட்டத்துக்காக அமைத்த காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இந்த மெல்லிய காற்றுக்குப் பெற்றோலை அதிகமாக ஊற்றும். அதனால்தான் இங்கே பிளக் கரி பிடிக்கிறது, கறுப்புப் புகை வருகிறது. இதற்காகக் காபரேட்டரில் பெற்றோல் போகும் மெயின் ஜெட்டைக் கழற்றி, சிறிய துவாரமுள்ளதைப் போடுவார்கள், அது சரியான வேலைதான். ஆனால் அந்த மெஷினை அப்படியே கீழே கொண்டுபோனால் கதை தலைகீழாகும். அங்கே காற்று அடர்த்தி, பெற்றோல் போதாது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

பல வருடங்களுக்கு முன் நான் நுவரெலியாவில் வாங்கிய ஒரு மெஷினைக் குருணாகலையில் ஒருவருக்கு விற்றேன். ஜெட் மாற்றியிருந்ததைப் பார்க்கவில்லை. மூன்றே வாரத்தில் பிஸ்டன் இறுகிவிட்டது. தவறு என்னுடையது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாங்குகிறவரிடம் நான் முதலில் கேட்பது விலையை அல்ல, ஊரை. கண்டி, கொழும்புப் பக்கம் போகிறதென்றால் பழைய ஜெட்டை மீண்டும் போட்டுத்தான் கொடுப்பேன். உங்கள் மெஷின்களில் எதற்கு ஜெட் மாற்றினீர்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். கழற்றிய ஜெட் ஏதாவது தகர டப்பாவில் கிடக்கும்.

மற்ற மெஷின்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருளையில் சுழலும் பிளேட்டுகளால் புல்லை ஒட்ட வெட்டும் சிலிண்டர் மெஷினை வீட்டுக்காரர் யாரும் வாங்கமாட்டார்கள். அதன் வாடிக்கையாளர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: கோல்ப் புல்தரை, ரதல்ல, தரவளை போன்ற கிரிக்கெட் மைதானங்கள், விக்கெட் பராமரிக்கும் பாடசாலைகள். விளம்பரம் போட்டுக் காத்திருக்காமல் மைதானப் பொறுப்பாளரை நேரில் போய்ப் பாருங்கள். கடதாசித் துண்டை வைத்து வெட்டிக் காட்டினால் போதும். பிரஷ் கட்டர்களுக்கு மரக்கறித் தோட்டக்காரர்களிடம் எப்போதும் கேள்வி உண்டு, கந்தப்பளையிலும் வெலிமடையிலும் சொல்லி வையுங்கள். பெற்றோலில் ஒயில் எந்த விகிதத்தில் கலந்தீர்கள் என்பதை டாங்கியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஏறி ஓட்டும் மெஷின் தான் உங்களிடமுள்ள பெரிய பணம். அதை லீசிங்கில் எடுத்திருந்தால், கடைசித் தவணை முடிந்த கடிதம் கையில் வரும்வரை யாரிடமும் முற்பணம் வாங்காதீர்கள். ஓட்டிப் பார்க்க வருகிறவரை இருபது நிமிடம் ஓட விடுங்கள், ஒயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோ கியர் சூடான பிறகு ஏற்றத்தில் இழுக்கிறதா என்பதே உண்மையான சோதனை. வாங்குகிறவருடைய புல்தரை எவ்வளவு சரிவு என்று கேளுங்கள். பல ஏறி ஓட்டும் மெஷின்களின் கையேடு 15 பாகைக்கு மேல் ஓட்டாதே என்கிறது. தேயிலைத் தோட்டத்து பங்களா வாசல்கள் பல அதைவிடச் செங்குத்து. அப்படிப்பட்டவருக்கு விற்காமல் விடுவதே நல்லது. அவருக்குத் தள்ளும் மெஷின் ஒன்றைக் காட்டுங்கள்.

உங்களுக்கென்று எதை வைத்துக்கொள்வது? வலுவானதையல்ல, இலேசாக ஸ்டார்ட் ஆவதை. தள்ளும் மெஷின் ஒன்று, தானே முன்னே நகரும் வகை இருந்தால் அது, அதோடு பிரஷ் கட்டர் ஒன்று. மூன்று பங்களாவுக்கு அது தாராளம். மற்ற மெஷின்களின் உதிரிப்பாகங்களை அந்தந்த மெஷினோடேயே கொடுத்துவிடுங்கள்.

காலம் முக்கியம். ஏப்ரல் சுற்றுலா சீசனுக்கு முன் ஹோட்டல்களும் பங்களாக்களும் பூங்காக்களும் புல்தரையை ஒழுங்குபடுத்த ஓடுகின்றன. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதிவரை உங்கள் மெஷினைத் தேடி ஆள் வரும். பொடியன்களும் சீசன் வேலையிலேயே முதல் இரண்டு தவணையைக் கட்டிவிடுவார்கள். மே மாதம் விற்கத் தொடங்கினால் மழையில் நனைந்துகொண்டு பேரம் பேச வேண்டியிருக்கும்.

வரும் பணத்தில் வேறு எதையும் தொடும் முன், பொடியன்களின் ஊழியர் சேமலாப நிதி நிலுவை ஏதும் இருந்தால் அதை முடியுங்கள். சம்பளத்தில் ஊழியர் பங்கு 8 சதவீதம், உங்கள் பங்கு 12, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் கட்ட வேண்டியது 3. நான்கு பேர் என்றாலும் சட்டம் பொருந்தும். மெஷின்களைத் தொழிலின் சொத்தாகக் கணக்கில் காட்டித் தேய்மானம் கழித்திருந்தால், மிச்சப் பெறுமதிக்கு மேல் வரும் தொகை வருமானமாகக் கணக்கிடப்படும். விற்ற ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டுப் பிரதியைக் கணக்காளரிடம் கொடுங்கள்.

கடைசியாக, ஏற்றி அனுப்புவது. டிமோ பட்டா சிறு லொறியில் தள்ளும் மெஷின் இரண்டு மூன்று அடங்கும். டாங்கியில் பெற்றோலை இறக்கிவிடுங்கள். மெஷினைச் சாய்க்கவேண்டி வந்தால் எயார் பில்டர் இருக்கும் பக்கம் மேலே பார்க்க வேண்டும். மறுபக்கம் சாய்த்து றம்பொடை வளைவுகளில் இறக்கினால் ஒயில் அந்த எயார் பில்டருக்குள் ஏறிவிடும். கீழே போய் முதல் ஸ்டார்ட்டிலேயே வெள்ளைப் புகை கிளம்பும், வாங்கினவர் உங்களுக்குத்தான் கோல் எடுப்பார். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்படி நிறுத்தி, கயிற்றால் கட்டி அனுப்புங்கள். பழைய ஜெட்டையோ, மாற்றிய ஜெட்டையோ, மிச்சமிருப்பதை ஒரு சிறு பையில் போட்டுக் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள்.