கணக்கு எழுதுபவரின் முகம் எதற்கு?

அன்புள்ள சார்,

வணக்கம். நேர்முகத் தேர்வுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் இதைக் கேட்கத் தோன்றியது. நான் பி.காம். முடித்து, கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். 2018ல் மகன் பிறந்ததும் வேலையை விட்டேன். இப்போது மறுபடி தேடுகிறேன். கோவையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை. பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு, "இரண்டு நிமிட செல்ஃப் வீடியோ, ஆங்கிலத்தில் பேசி அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பின்னால் துணிக்கொடியோ பீரோவோ சாமி படமோ வந்துவிடுகிறது. பேச ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருக்கிறது. என் கணவர்தான் படம் பிடித்தார். "நீ வீட்டில் பேசுகிற மாதிரியே இல்லையே" என்கிறார். கணக்கு எழுதப்போகிறவளின் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எரிச்சலாகவும் இருக்கிறது. அனுப்பலாமா, வேண்டாமா? அனுப்பினால் என்ன பேசுவது?

ஆர்., கரூர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள ஆர்.,

அனுப்புங்கள். ஆனால் உங்கள் முகம் இருபது விநாடி வந்தால் போதும். மீதி நேரம் உங்கள் வேலை திரையில் தெரியட்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். உங்கள் எரிச்சல் நியாயமானது, அதை முதலில் பேசிவிடலாம்.

சில காலம் நானும் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். வீடியோ கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒரு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் விண்ணப்பம் கொட்டும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பாதிப் பேர் எடுக்காமல், எடுத்தவர்களில் சிலர் எந்தக் கம்பெனி என்றே நினைவில்லாமல் பேசி, அந்த நாளே போய்விடும். வீடியோ கேட்டால் நிஜமாகவே ஆர்வம் இருப்பவர்கள் மட்டும் அனுப்புவார்கள், ஆங்கிலம் எப்படி என்றும் தெரிந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

வந்து சேரும் வீடியோக்களை யாராவது முழுதாகப் பார்க்கிறார்களா என்பது வேறு கதை. அமெரிக்காவில் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018ல் ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமேயில் அவர்கள் முதலில் செலவிட்டது சராசரியாக 7.4 விநாடி. காகிதத்தில் ஏழு விநாடிக்குள் படிப்பு, கடைசி வேலை, வருடங்கள் மூன்றையும் கண் தொட்டுவிடும். வீடியோவின் முதல் ஏழு விநாடியில் "ஹலோ, குட் மார்னிங்" மட்டும்தான் முடிந்திருக்கும். அதற்குள் பார்ப்பவர் மனதில் ஏதோ ஒன்று முடிவாகிவிடுகிறது. எதை வைத்து என்பதுதான் சிக்கல்.

இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தாலுடன் சேர்ந்து 1993ல் வெளியிட்டது. கல்லூரி ஆசிரியர்கள் பாடம் நடத்துவதிலிருந்து பத்துப் பத்து விநாடித் துண்டுகளை, சத்தம் இல்லாமல், அவர்களை அறியாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண், பருவம் முழுக்க அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணோடு பெரிதும் ஒத்துப்போனது. பார்த்தீர்களா, முதல் அபிப்பிராயம் தப்பாது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு தரப்பும் அளந்தது அந்த ஆசிரியர் எவ்வளவு பிடித்தமானவர் என்பதைத்தான். அவரிடம் மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பது அந்த மதிப்பெண்ணில் இல்லை. ஆசிரியருக்காவது பிடித்தமானவராக இருப்பது வேலையில் ஒரு பங்கு. லெட்ஜர் டேலி ஆகாமல் நிற்கும்போது உங்கள் புன்னகையால் ஒரு பைசாகூட நகராது.

சரி, மனிதர்கள் பார்த்தால்தானே இந்தப் பாரபட்சம், கம்ப்யூட்டர் பார்க்கட்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. 2021ல் ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்தியாளர்கள், வீடியோவைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்வதாக மியூனிக் நிறுவனம் ஒன்று விற்ற மென்பொருளைச் சோதித்தார்கள். ஒரு நடிகை அதே பதிலை அதே மாதிரி சொன்னார். கண்ணாடி போட்டபோது ஒரு மதிப்பெண், தலையில் துணி கட்டியபோது வேறு மதிப்பெண். பின்னணியில் புத்தக அலமாரியைச் சேர்த்தபோதும் மதிப்பெண் மாறியது! உங்கள் பீரோவுக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.

இந்தத் தொழிலில் பெரிய பெயரான அமெரிக்காவின் ஹயர்வியூ, முக பாவங்களை அலசி மதிப்பெண் போடுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முன்பே இல்லினாய் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. வீடியோ நேர்காணலைச் செயற்கை நுண்ணறிவு வைத்து அலசுவதானால் விண்ணப்பிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், அவர் கேட்டால் 30 நாளில் அழிக்க வேண்டும் என்பது 2020லிருந்து அங்கே விதி. கோவைக் கம்பெனி உங்களிடம் ஒப்புதல் எதுவும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ப் பிரச்சினை இதைவிடப் பழையது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு வந்த அளவு அழைப்பு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் வரவில்லை. பெயரை மட்டும் வைத்தே இவ்வளவு. தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறப்பது என்று தீர்மானம் போட்டார்கள், மேடையில் இருந்தவர்களே தங்கள் பட்டத்தை விட்டார்கள். அதன் பலன் இன்றும் நம் காகிதங்களில் இருக்கிறது. ஒரு இனிஷியல், ஒரு பெயர், அதை வைத்துச் சாதியைத் துருவுவது கடினம். வீடியோ அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. பேச்சு எந்த ஊர் என்று சொல்லும், சுவர் எந்தச் சாமி என்று சொல்லும், நிறத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். தகப்பனார் பெயர், மதம், திருமணம் ஆனவரா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று எல்லாவற்றையும் கேட்கும் பயோடேட்டா படிவங்கள் இன்றும் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. பெண் பார்க்க வந்த மாதிரி விசாரிக்கும் பழக்கம் நமக்கு வீடியோவோடு வந்ததல்ல.

வீடியோவே கூடாது என்பதல்ல என் கட்சி. ஆன்லைனில் டியூஷன் எடுக்க விண்ணப்பித்தால் பத்து நிமிட டெமோ வகுப்பைக் கேட்பது நியாயம். கால் சென்டருக்குக் குரல் வேண்டும், வரவேற்பு மேசைக்கு நாலு பேரிடம் கூச்சமில்லாமல் பேசத் தெரிய வேண்டும். அங்கே வீடியோவில் தெரிவதே வேலைதான். 2021 ஜூலையில் டிக்டாக் நிறுவனம் அமெரிக்காவில் வீடியோ ரெஸ்யூமே வாங்கும் திட்டம் ஒன்றைச் சோதனையாக நடத்தியது. சிப்போட்லே உணவகச் சங்கிலி போன்ற நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. கவுண்டரில் நின்று வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கு அது பொருந்தத்தான் செய்யும்.

பொருந்தாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2006ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் யூபிஎஸ் வங்கிக்கு வேலை கேட்டு வீடியோ அனுப்பினார். அதில் எடை தூக்கினார், பனிச்சறுக்கினார், டென்னிஸ் ஆடினார், நடனமாடினார், கையால் செங்கல் உடைத்தார். நடுநடுவே வெற்றியைப் பற்றிய உபதேசம். எப்படியோ அது வெளியே கசிய, உலகமே பார்த்துச் சிரித்தது. அந்தப் பையன் அசட்டுத்தனமாக நடந்துகொண்டான் என்பது உண்மை. ஆனால் நம்பி அனுப்பியதை வெளியே விட்டவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. அதே பெருமைகளைக் காகிதத்தில் எழுதியிருந்தால் ஒருவர் படித்துச் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும்.

இனி உங்கள் வீடியோ. அனுப்புவதற்கு முன், அந்தக் கம்பெனி நிஜமா என்று பாருங்கள். கணக்குக்காரருக்கு இது கைவந்த வேலை. அவர்களின் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள், ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பெயர், முகவரி, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்று பாருங்கள். எண் தர மறுத்தால், அல்லது பதிவுக் கட்டணம், ஆதார் நகல் என்று இப்போதே ஆரம்பித்தால், அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு வேறு வேலை தேடுங்கள். உங்கள் முகம், குரல், ஆதார் மூன்றும் ஒரே ஆளிடம் போய்ச் சேருவது நல்லதல்ல.

அடுத்தது, நீங்கள் விட்ட வருடங்கள். அவர்கள் உங்கள் பயோடேட்டாவில் 2018ஐப் பார்த்ததும் நினைத்திருப்பது இதுதான்: இவருக்கு இப்போதைய ஜிஎஸ்டி தெரியுமா? நீங்கள் வேலையை விட்ட பிறகு, கணக்கு எழுதும் மென்பொருளில் டேலி ஈஆர்பி 9 போய் டேலி பிரைம் வந்துவிட்டது. 2020ல் ஜிஎஸ்டிஆர்-2பி வந்தது, சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து நமக்குக் கிடைக்கும் வரி வரவை (இன்புட்) மாதாமாதம் காட்டும் பட்டியல். அதே வருடம் பெரிய நிறுவனங்களுக்கு ஆரம்பித்த இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை), 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள்வரை வந்துவிட்டது. இவை தெரியாது என்றால் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது.

டேலி பிரைமைக் கல்விப் பயன்பாட்டு முறையில் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட விடும், பரவாயில்லை, பழக அது போதும். கற்பனையாக ஒரு கம்பெனி தொடங்கிப் பத்துக் கொள்முதல் பில் போடுங்கள். பழைய கம்பெனியின் பில் எதையும், பெயரை மாற்றிக்கூட, எடுக்காதீர்கள். அப்புறம் ஒரு எக்செல் தாளில் 2பி மாதிரி நீங்களே பட்டியல் தயார் செய்து, அதில் மூன்று தவறை வையுங்கள்: ஒரு பில் வரவே இல்லை, ஒன்றில் பில் எண் வேறு, ஒன்றில் வரித் தொகை வேறு. இரண்டையும் ஒப்பிட்டு அந்த மூன்றையும் பிடிப்பதைத் திரையோடு பதிவு செய்யுங்கள். பேசிக்கொண்டே செய்யுங்கள்: "இந்த சப்ளையர் இன்னும் ரிட்டர்ன் போடவில்லை, அதனால் இந்த மாதம் இன்புட் எடுக்க மாட்டேன், அவருக்குப் போன் போடுவேன்." இதை ஆங்கிலத்தில் சொல்ல மனப்பாடம் தேவையில்லை. சப்ளையர், இன்வாய்ஸ், இன்புட், மிஸ்மேட்ச் எல்லாம் நீங்கள் தினமும் பேசிய சொற்கள். தெரிந்த வேலையைச் செய்துகொண்டே பேசும்போது உங்கள் கணவர் சொல்லும் அந்த ஒப்பிக்கிற குரலும் போய்விடும். பார்ப்பவர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால் பாதி வீடியோவிலேயே முடிவு செய்துவிடுவார்.

முகம் வரும் இருபது விநாடியில் நாலே விஷயம்: பெயர், எங்கே எத்தனை வருடம் என்ன பார்த்தீர்கள், 2018லிருந்து இடைவெளி, இப்போது என்ன கற்றிருக்கிறீர்கள். இடைவெளிக்கு ஒரு வரி போதும், மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். கல்லூரி பிளேஸ்மென்ட் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து, அப்பா பெயர், சொந்த ஊர், பொழுதுபோக்கு, பலம், பலவீனம் என்று போகிற அந்த செல்ஃப் இன்ட்ரோவை மறந்துவிடுங்கள். கணவர், குழந்தை பற்றி அவர்கள் கேட்காத எதையும் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

சாமி படத்தைக் கழற்றாதீர்கள். உங்கள் வீட்டுச் சுவர் அது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனைக் கண் உயரத்தில் கிட்டத்தில் வைத்தால் முகம்தான் பெரிதாகத் தெரியும், பின்னால் சுவர் கொஞ்சம்தான் வரும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் சத்தம்தான் எல்லா வீட்டு வீடியோவையும் கெடுக்கிறது.

வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பாமல், கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள். பத்து நாளில் பதில் இல்லை என்றால் அனுமதியை எடுத்துவிடலாம். டவுன்லோடு செய்துகொண்டால் தடுக்க முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் குரூப் குரூப்பாகச் சுற்றுவது குறையும்.

இதையெல்லாம் செய்ய மனமில்லை என்றால், "வீடியோவுக்குப் பதில் ஒரு டெஸ்ட் வையுங்கள், அரை மணி நேரம் டேலியில் செய்து காட்டுகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதற்காகவே ஒதுக்குகிற இடமாக இருந்தால், அவர்களுக்குத் தேவை கணக்காளர்தானா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

திரைப் பதிவை முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள். தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் காட்டித் தவறு ஏதும் இருந்தால் கேட்டுச் சொல்கிறேன். மாதம் 20ஆம் தேதிக்கு அப்புறம் அனுப்புங்கள், மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி தாக்கல் முடிகிறவரை அவர் என் போனையே எடுக்க மாட்டார்.