தனிமங்களின் நிறைச் சதவீதத்திலிருந்து ஒரு சேர்மத்தின் வேதி வாய்ப்பாட்டைக் கண்டுபிடிக்கும்போது அணு விகிதத்தில் 1.33 வந்தால் 1 என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பலருக்கும் விடை தப்பிப்போவது இந்த இடத்தில்தான். வைட்டமின் சி-யை வைத்தே போட்டுப் பார்ப்போம்: கார்பன் 40.92%, ஹைட்ரஜன் 4.58%, மிச்சம் 54.50% ஆக்சிஜன்.

மொத்தம் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் சதவீதம் அப்படியே கிராம் ஆகிவிடும். ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுங்கள்: 40.92 ÷ 12.011 = 3.407, 4.58 ÷ 1.008 = 4.544, 54.50 ÷ 15.999 = 3.406. இவை மோல்கள், அதாவது அணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு. ஆக்சிஜனுக்கு 32 போட்டுவிடாதீர்கள். இங்கே எண்ணுவது அணுக்களை, காற்றில் திரியும் மூலக்கூறுகளை அல்ல.

மூன்றில் சிறியது 3.406. அதைக்கொண்டு மூன்றையும் வகுத்தால் 1 : 1.33 : 1. இந்த 1.33 என்பது 4/3. எல்லாவற்றையும் 3 ஆல் பெருக்கினால் 3 : 4 : 3. இதுதான் எளிய விகித வாய்ப்பாடு (இலங்கைப் பாடநூல்களில் அனுபவச் சூத்திரம்). பின்னம் .5 என்றால் 2 ஆலும், .33 அல்லது .67 என்றால் 3 ஆலும், .25 அல்லது .75 என்றால் 4 ஆலும் பெருக்க வேண்டும். 1.02, 1.98 மாதிரி வந்தால் மட்டும் முழு எண்ணாக்கலாம். மோல் கணக்கிலேயே 3.4, 4.5 என்று சுருக்கிவிட்டால் 1.32 வரும், அப்புறம் அது 4/3-ஆ 5/4-ஆ என்று தடுமாற வேண்டியதுதான். கடைசி வகுத்தல் வரை நான்கு இலக்கங்களை விடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1 : 1 : 1 சரியென்றால் கார்பன் 41.39%, ஹைட்ரஜன் 3.47% இருந்திருக்க வேண்டும். ஹைட்ரஜனில் ஒரு சதவீதத்துக்கு மேல் இடிக்கிறது. 3 : 4 : 3-க்கோ 40.92-உம் 4.58-உம் அச்சாக வருகின்றன. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் யாரும் செய்வதில்லை.

சதவீதம் தருவது விகிதத்தை மட்டுமே. ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்று காட்டும் மூலக்கூறு வாய்ப்பாட்டுக்கு மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராமில்) தனியாகத் தெரிய வேண்டும். 3 : 4 : 3-இன் நிறை 88.06, வைட்டமின் சி-யின் மோலார் நிறை 176.12, ஆக இரண்டு மடங்கு: கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றுக்கும் சதவீதம் ஒன்றேதான். பிரித்துக் காட்டுவது மோலார் நிறை. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு போன்ற அயனிச் சேர்மத்தில் தனி மூலக்கூறு கிடையாது, அதனால் விகிதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதில் இரும்பு 72.36%, கணக்கிட்டால் ஓர் இரும்புக்கு 1.33 ஆக்சிஜன், அதாவது 3 : 4. அங்கேயும் அதே 1.33!

ஆய்வகத்தில் சிக்கல் வேறு மாதிரி வரும். சில மில்லிகிராம் மாதிரியை ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் அளந்துதான் கார்பனும் ஹைட்ரஜனும் கணக்கிடப்படுகின்றன. ஆக்சிஜனைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை, 100-லிருந்து கழித்துப் போடுகிறார்கள். அதனால் எங்கே பிழை நடந்தாலும் அது ஆக்சிஜன் கணக்கில் போய்ச் சேரும். ஈரம்தான் முதல் எதிரி. அதே வைட்டமின் சி-யில் 3% தண்ணீர் தங்கியிருந்தால் கார்பன் 39.69%, ஹைட்ரஜன் 4.78% என்று வரும். விகிதம் 1 : 1.43 : 1.05. இதை எதால் பெருக்கினாலும் சரியான விடை கிடைக்காது. எண்ணை வளைக்காமல் மாதிரியை நன்றாக உலர்த்தி மறுபடி எரிப்பதே வழி.

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட ஹைட்ரோகார்பன்களில் எவ்வளவு உலர்த்தியும் பயனில்லை. கார்பன் 20, ஹைட்ரஜன் 42 உள்ள ஆல்கேனில் கார்பன் 85.02%, கார்பன் 21, ஹைட்ரஜன் 44 உள்ளதில் 85.05%. இந்த 0.03% வித்தியாசம் எரிப்புக் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே மூலக்கூறின் நிறையை நேரடியாக அளக்கும் நிறை நிறமாலைமானியிடம் போகத்தான் வேண்டும்.