தம்பி குற்றவாளி இல்லை என்றால், தடுத்து அடித்தவர் குற்றவாளியா?

கேள்வி: என் தம்பி மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவன். மருந்தை நிறுத்தியிருந்தபோது அரிவாளோடு பக்கத்து வீட்டுக்காரர் மீது பாய்ந்துவிட்டான். அவர் உருட்டுக்கட்டையால் அடித்ததில் தம்பியின் கை முறிந்தது. தம்பி செய்தது குற்றமில்லை என்று தீர்ப்பானால், அவனை அடித்தவர் குற்றவாளிதானே?

பதில்: இல்லை. இருவருமே விடுதலையாகலாம், ஆனால் காரணம் வேறு. தன் உயிரைக் காக்க அடித்தவரின் செயலைச் சட்டமே சரி என்கிறது. உங்கள் தம்பி செய்ததை அப்படிச் சொல்லவில்லை. செயல் தவறுதான், அதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது.

இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா இரண்டையும் பொது விதிவிலக்குகள் என்ற ஒரே அத்தியாயத்தில் வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம். மனநிலை பிறழ்ந்தவருக்குப் பிரிவு 22, தற்காப்புக்குப் பிரிவு 34 முதல் 44 வரை. உங்கள் கேள்விக்கு நேரான விடை பிரிவு 36. தாக்குபவர் மனநிலையால் குற்றவாளி ஆகாவிட்டாலும், தாக்கப்படுபவரின் தற்காப்புரிமை துளியும் குறையாது. வெட்ட வருபவரின் மருத்துவச் சீட்டைப் பார்த்துவிட்டா தடுக்க முடியும்?

அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 37. அரிவாள் கைநழுவி, தம்பி அடங்கிய பிறகும் அடி விழுந்ததா? அப்படியானால் மட்டும் உங்கள் புகாருக்கு வலு உண்டு.

இந்த வேறுபாடு தீர்ப்புக்குப் பிறகும் தொடரும். தற்காப்பு ஏற்கப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நேரே வீட்டுக்குப் போவார். தம்பியை மனநிலை காரணமாக விடுவித்தால், செயலை அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பில் தனியே எழுதவேண்டும். செய்தார் என்றால் பாதுகாப்புக் காவலில் வைக்கலாம், அல்லது உறவினர் பிணை கொடுத்துப் பொறுப்பேற்றால் ஒப்படைக்கலாம் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவுகள் 373, 374).

எதிர்வழக்கைவிடத் தம்பியின் வழக்கில் கவனம் வையுங்கள். நோய் இருந்தது என்பது போதாது. அந்த நேரத்தில் தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு என்றோ அறியும் திறன் நோயால் அற்றுப்போயிருந்தது என்று நீங்கள்தான் காட்டவேண்டும். ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். புறநோயாளிச் சீட்டுகள், மருந்துச் சீட்டுகள், சம்பவத்துக்கு முந்தைய நாட்களில் அவர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டவர்களின் பெயர்கள் ஆகியவற்றை இப்போதே வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள்.