டார் கோப்பு 4 ஜிபியில் நின்றுபோவது: டிஸ்கைப் பாருங்கள்

60 ஜிபி போட்டோ கோப்புறையை டார் (பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் கட்டளை) போட்டு வெளி ஹார்ட் டிஸ்கில் எழுதினால் 4 ஜிபி வந்ததும் 'கோப்பு மிகப் பெரியது' என்று நின்றுவிடுகிறது என்கிறீர்கள். டாரில் கோளாறு இல்லை. டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறை வடிவில் இருக்கும், அதில் எந்த ஒரு கோப்பும் 4 ஜிபியை எட்ட முடியாது. இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றலாம், ஆனால் ஃபார்மேட் செய்தால் டிஸ்கில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும்.

அதைவிட, டாரின் வெளியீட்டைப் பைப் (| குறி) வழியாக ஸ்ப்ளிட் கட்டளைக்கு அனுப்பி 2 ஜிபி துண்டுகளாக எழுதுங்கள். ஜிஜிப் சுருக்கம் வேண்டாம், ஜேபெக் போட்டோ ஏற்கெனவே சுருங்கியதுதான், நேரம்தான் வீண். அதோடு ஜிஜிப் கோப்பில் நடுவே ஓரிடம் கெட்டாலும் அதற்குப் பின்னால் உள்ளதை மீட்பது பெரும்பாடு.

அப்புறம் முக்கியமான விஷயம், 'ரிமூவ் ஃபைல்ஸ்' என்ற டார் விருப்பத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள், அது சரிபார்ப்பதற்கு முன்பே மூலக் கோப்புகளை அழித்துவிடும். எழுதி முடித்ததும் டிஸ்கை முறைப்படி கழற்றி மறுபடி மாட்டி (இல்லாவிட்டால் கணினியின் நினைவகத்தில் இருப்பதையே படித்துவிட்டுச் சரி என்று சொல்லக்கூடும்), துண்டுகளை கேட் கட்டளையால் வரிசையாகச் சேர்த்து டாரின் 'டிஃப்' விருப்பத்துக்குக் கொடுங்கள், மூலத்தோடு ஒப்பிட்டு வித்தியாசம் இருந்தால் சொல்லும். எதுவும் சொல்லாமல் முடிந்தால் மட்டும் மூலக் கோப்புகளை அழியுங்கள்.