"இது சோறு போடுமா சார்?" தண்டையார்பேட்டை அம்மாவுக்கு ஒரு பதில்

சனிக்கிழமை பாப்பாவை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ப்பது பற்றிப் பேசி முடித்துக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "எல்லாம் சரி, இது சோறு போடுமா சார்?" அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் பேசியதில் அதுதான் அசல் கேள்வி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டும் சோறு போடாது, அம்மா. கிரிக்கெட் மாதிரி ஏலம், லீக் எல்லாம் நம் நாட்டில் இதற்கு இல்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரக்கூடிய இடங்கள் சோறு போடும். பாப்பாவை அனுப்புங்கள் என்றுதான் நான் சொல்வேன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர் சொன்ன கணக்குப்படி மட்டும் அனுப்பாதீர்கள்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, நாலு வருஷம் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்றாராம். மனுஷன் பழமொழியை அப்படியே உடம்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்! சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது சரிதான். உடம்பு வளையும்போதே அடிப்படை விழுந்தாக வேண்டும். ஆனால் 13 வயதுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரம் பழைய காலத்துக் கதை. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் நாடியா கோமனேச்சி 10க்கு 10 வாங்கியபோது அவருக்கு வயது 14. இன்றைக்கு அந்த வயதில் அவரை ஒலிம்பிக்ஸ் மேடையில் ஏற விடமாட்டார்கள். பெண்களுக்குப் போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 ஆகியிருக்க வேண்டும் என்பது 1997இலிருந்து விதி. பாரிஸில் மூன்று தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸுக்கு 27 வயது. உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிட்டினா டோக்கியோவில் இறங்கியபோது 46. அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக்ஸ். உங்கள் பெண் இப்போது நாலாவது படிக்கிறாள். 16 வயது ஆகும்போது பதினொன்றாவதில் இருப்பாள். ஏழு வருஷம் இருக்கிறது. யார் வந்து அவசரப்படுத்தினாலும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நம் நாட்டுக் கதை வேண்டுமென்றால் திரிபுராவின் தீபா கர்மாகரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1993. தட்டைப் பாதம், ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆகாது என்பார்கள். ஆறு வயதில் தொடங்கினார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட்டில், அதாவது ஓடி வந்து மேசை மாதிரி ஒன்றில் கையூன்றிப் பாயும் பிரிவில், வெண்கலம். 2016 ஆகஸ்டில் 23 வயது முடிந்த ஐந்தாம் நாள் ரியோவில் வால்ட் இறுதிச் சுற்று. நான்காம் இடம், 0.150 புள்ளியில் வெண்கலம் போனது. அந்த ஆண்டே கேல் ரத்னா, அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. அதே 2017இல் முழங்காலில் ஆபரேஷன். 2018இல் துருக்கியின் மெர்சினில் உலக சேலஞ்ச் கோப்பைத் தங்கம். அப்புறம் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி 21 மாதத் தடை. தெரியாமல் உடம்பில் சேர்ந்தது என்றார், தடை என்னவோ தடைதான். திரும்பி வந்து 2024இல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். அதே ஆண்டு அக்டோபரில் 31 வயதில் ஓய்வு.

இருபத்தைந்து வருஷ உழைப்பில் நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது ஒரு வாரம். மீதியெல்லாம் ஹாலும், மேட்டும், ஐஸ் பையும்தான். ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. ரியோவிலிருந்து திரும்பியதும் எம்.ஏ. அரசியல் அறிவியல் பரீட்சை எழுதப் போனார். ஒலிம்பிக்ஸ் நாலாவது இடம் கையில் இருந்தபோதே பாடப்புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. மாஸ்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

தீபாவின் அப்பா பளுதூக்கும் பயிற்சியாளர், வீட்டிலேயே விவரம் தெரிந்தவர் இருந்தார். உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில் வருவது பிரணதி நாயக். மேற்கு வங்கத்துக் கிராமம், அப்பா பஸ் ஓட்டியவர். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போன ஒரே இந்திய ஜிம்னாஸ்ட் அவர்தான்.

உங்கள் வீட்டுக்காரர் கேரம் காசிமாவைச் சொன்னாராம். "நம்ம வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுறவர் மகள், உலகக் கோப்பை ஜெயிக்கலையா?" நியாயம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கேரம் போர்டு நம் தெருவுக்குத் தெரு கிடக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படி இல்லை. பீம் என்கிற கட்டையின் அகலம் 10 செ.மீ. உங்கள் மொட்டை மாடியில் நான்கரை இஞ்ச் கைப்பிடிச் சுவர் இருந்தால் அதைவிடக் குறுகல். அதன் மேல் குட்டிக்கரணம் அடித்துக் காலில் இறங்க வேண்டும். கீழே சரியான மேட், பள்ளம் நிறைய ஸ்பாஞ்ச், பக்கத்தில் பிடிக்கத் தெரிந்த ஆள், இவை இல்லாத இடத்தில் திறமை எவ்வளவு இருந்தாலும் கழுத்துதான் போகும். தயவுசெய்து மாடிச் சுவரில் பழக விடாதீர்கள். சிரிக்காதீர்கள், சனிக்கிழமை அவள் என் ஆபீஸ் படிக்கட்டு ஓரத்தில் வெறுங்காலோடு, கையை விரித்துக்கொண்டு நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இடம் எங்கே என்பதற்குப் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் இருக்கும் எஸ்டிஏடி, அதாவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அலுவலகத்துக்குப் போங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே சென்ட்ரல், அங்கிருந்து பக்கம். அரசுப் பயிற்சி மையம் எது, விளையாட்டு விடுதியில் எந்த வயதில் சேர்க்கிறார்கள் என்று எழுதி வாங்கி வாருங்கள்.

ஹாலைப் பார்க்கப் போகும்போது மிஷினை மட்டும் பார்க்காதீர்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறதா, பெண் பயிற்சியாளர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த விளையாட்டில் மாஸ்டர் குழந்தையின் இடுப்பையும் முதுகையும் பிடித்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். அது எல்லார் கண்ணெதிரிலும் நடக்க வேண்டும், எங்கே பிடிக்கிறேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் பிடிக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு "ஸ்பெஷல் ட்ரெய்னிங்" என்றால் அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அமெரிக்காவில் தேசிய அணியின் டாக்டராகவே இருந்த லாரி நாசரைப் பற்றி 2018இல் கோர்ட்டில் 150க்கும் மேற்பட்ட பெண்கள், சிகிச்சை என்ற பெயரில் பாலியல் கொடுமை செய்தான் என்று எழுந்து நின்று சொன்னார்கள்.  வீட்டில் பாப்பாவிடம் பேசிவையுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு. "எடை ஏறக் கூடாது, ராத்திரி சோறு வேண்டாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வளரும் பெண், தினம் மூன்று மணி நேரம் குதிப்பவள், அவள் பட்டினி கிடந்தால் முதலில் அடிவாங்குவது எலும்பு. பருவம் எய்துவதும் தள்ளிப்போகும். காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு கொடுங்கள். டப்பாவில் விற்கும் பவுடர் எதுவும் வேண்டாம், தடைக் கதையைத்தான் மேலே சொன்னேனே.

ஏழாவது, எட்டாவது படிக்கும்போது ஒரு சோதனை வரும். திடீரென்று உயரம் கூடும், உடம்பின் எடை விழும் இடம் மாறும், நேற்று வரை வந்த கரணம் இன்று வராது. நிறையப் பிள்ளைகள் அங்கேதான் நிறுத்துகிறார்கள். அப்போது "இவ்ளோ செலவு பண்ணோமே" என்ற வார்த்தை மட்டும் வீட்டில் வரவேண்டாம். நிறுத்தினாலும் ஒன்றும் வீணில்லை. கம்பூன்றித் தாண்டும் போல் வால்ட்டில் 5.06 மீட்டர் தாண்டி உலக சாதனை வைத்த எலினா இசின்பயேவா 15 வயது வரை ஜிம்னாஸ்ட்தான்.

இனி காகிதம். இதில் நான் கொஞ்சம் சூடாகிவிடுவேன். சில வருஷம் முன்பு ஒரு அப்பா பதினொரு சான்றிதழை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து இதே மேசையில் பரப்பினார். "நேஷனல்", "இன்டர்நேஷனல்" என்று தங்க எழுத்து. ஒன்றுகூட அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தியது இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒன்றுக்கும் ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், பஸ், லாட்ஜ் என்று அவர் கட்டிய பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதனால் போட்டிக்குப் பணம் கட்டும் முன் எஸ்டிஏடியில் ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகளை விடவே விடாதீர்கள். லேமினேட் வேண்டாம், ஒரு ஃபைல் போதும்.

அந்த ஃபைல்தான் பின்னால் சோறு போடும். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. தமிழக அரசு வேலையில் 3 சதவீதம். ரயில்வேயும் விளையாட்டு வீரர்களை எடுக்கிறது, நமக்குப் பக்கத்தில் பெரம்பூர் ஐசிஎஃப் உட்பட. எந்த ஆண்டு எந்த விளையாட்டுக்கு இடம் என்பது அந்தந்த அறிவிக்கையில் வரும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட்., பாட்டியாலாவில் பயிற்சியாளர் டிப்ளமோ, பிசியோதெரபி என்று வழி இருக்கிறது. பிசியோதெரபிக்கு பன்னிரண்டில் உயிரியல் வேண்டும், பதினொன்றில் குரூப் எடுக்கும்போது மறந்துவிடாதீர்கள். நடுவில் பயிற்சிக்காக வெளியூர் போக நேர்ந்தால் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதை அப்போது பார்ப்போம், இப்போதே வேண்டாம்.

அடுத்த முறை வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள். துறைமுக ஷிஃப்ட் முடிந்து ராத்திரி எட்டுக்கு வந்தாலும் இருக்கிறேன். பாப்பா என் மேசையைத் தொட்டுப் பார்த்து, "பீம் இவ்ளோ ஹைட்டா அங்கிள்?" என்று கேட்டாள், நான் போன் பேசிக்கொண்டிருந்ததில் பதில் சொல்லவில்லை. நேற்று டேப் வைத்து அளந்தேன். மேசை 75 செ.மீ., பீம் 125. கிட்டத்தட்ட அவள் தலை உயரம் வரும் என்று சொல்லுங்கள்.