எடிட்டர் யார் பக்கம் நிற்கிறார்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் நாவல்களின் முன்னுரைகளில் எடிட்டர்களுக்கு நன்றி சொல்லாமல் நீங்கள் விட்டதில்லை. மரியாதைக்காக எழுதும் வரி என்றே அதை நினைத்திருந்தேன். என் முதல் காதல் நாவலை இப்போது ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூடவே எடிட்டரிடமிருந்து ஆறு பக்கக் கடிதமும் வந்திருக்கிறது. நாயகியின் சிறுவயதைச் சொல்லும் முதல் இரண்டு அத்தியாயங்கள் வேண்டாமாம். பிரிந்தவர்கள் மீண்டும் சேரும் காட்சியில் "அவள் எதற்காக மன்னிக்கிறாள் என்று தெரியவில்லை" என்கிறார். நான் அழுதுகொண்டே எழுதிய காட்சி அது. இவ்வளவும் மாற்றிய பிறகு அது என் நாவலாக இருக்குமா? இத்தனை வருடங்களாக நீங்கள் எப்படி இதற்கு உடன்படுகிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

அந்த நன்றிகளை மனதார எழுதினேன். ஏன் என்று சொல்கிறேன்.

காதல் நாவலின் முடிவு வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். இருவரும் சேரப்போகிறார்கள். அது தெரிந்தும் படிக்கிறார்கள் என்றால், எப்படிச் சேர்கிறார்கள், இத்தனை நாள் எது தடுத்தது என்பதற்காகத்தான் படிக்கிறார்கள். அந்த இடம் பலவீனமாக இருந்தால் நாவலில் வேறு எது நன்றாக இருந்தும் பயனில்லை. அந்த இடத்தில்தான் எழுதுபவளின் கண்ணும் மங்குகிறது. நாயகன் ஏன் பொய் சொன்னான், ஏன் ஊரைவிட்டுப் போனான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவன் மனதுக்குள் போய் வந்தவள் நான். நாயகிக்கு அது தெரியாது. ஆனாலும் எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அவளை மன்னிக்க வைத்துவிடுகிறேன். எடிட்டருக்குத் தெரிவதெல்லாம் தாளில் இருப்பது மட்டும்தான். அதனால் நாயகி எங்கே நிற்கிறாளோ அங்கேயே அவரும் நிற்கிறார். அவளுக்காகக் கேள்வி கேட்க அந்தக் கட்டத்தில் அவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

ஒரு உதாரணம். என் நாவல் ஒன்றில் இப்படி எழுதியிருந்தேன்: "அவன் கண்கள் கலங்கியதைப் பார்த்ததும் அவளுடைய கோபம் கரைந்தது." பக்க ஓரத்தில் எடிட்டர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "கோபம் கரைந்ததா, அவன் அழுததால் அவளால் கோபப்பட முடியாமல் போனதா?" இரண்டும் வேறு வேறு. முதலாவது மன்னிப்பு. இரண்டாவதில் அவள் வாயடைக்கப்பட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "குடி. நான் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது" என்றாள். அதற்குப் பிறகு வந்த பக்கங்களில்தான் அந்த நாவலின் உயிர் இருப்பதாக வாசகர்கள் இன்றும் எழுதுகிறார்கள். அதில் ஒரு வரிகூட எடிட்டர் எழுதியதில்லை. அவர் கேட்டிராவிட்டால் நானும் எழுதியிருக்க மாட்டேன். யாருடைய நாவல் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

நீங்கள் அழுதுகொண்டே எழுதியது உண்மை. அந்தக் கண்ணீர் உங்களுடையது. நாயகிக்கு அழக் காரணம் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

சிறுவயது அத்தியாயங்கள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. இங்கே எடிட்டரே தவறாக இருக்கலாம். ஆங்கில நாவலாசிரியை ஷார்லட் பிராண்டியின் அனுபவத்தைச் சொல்கிறேன். 1847இல் அவருடைய முதல் நாவலை லண்டனில் இருந்த 'ஸ்மித், எல்டர்' பதிப்பகம் மறுத்தது. ஆனால் அந்த மறுப்புக் கடிதம் நாவலின் நிறைகுறைகளை அத்தனை மரியாதையோடு அலசியிருந்தது. மூன்று தொகுதிகளாக ஒரு கதை இருந்தால் கவனத்தோடு படிப்போம் என்றும் சொன்னது. அவ்வளவு பண்பான மறுப்பு, பண்பற்ற ஏற்பைவிட உற்சாகம் தந்தது என்று அவர் பின்னால் எழுதினார். ஆகஸ்டில் 'ஜேன் அயர்' என்ற இன்னொரு நாவலின் கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். அதன் முற்பகுதியை, அதாவது நாயகி ஜேனின் சிறுவயதை, மாற்றலாமே என்று பதிப்பகம் கேட்டது. அவர் மறுத்துவிட்டார். ஆர்வம் ஆறிப்போன நிலையில் கைவைத்தால் கெடுத்துவிடுவேன் என்றார். அந்தப் பகுதி உண்மையானது, வாசகர்களுக்குப் பிடித்தாலும் பிடிக்கலாம் என்றார். பதிப்பகம் அக்டோபரில் நூலை வெளியிட்டது. இன்று அந்தப் பகுதி இல்லாத ஜேனை நம்மால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் அந்தப் பதிப்பகத்தோடு கோபித்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த நாவல்களும் அங்கேயே வந்தன.

எனவே மறுக்கலாம். நானும் மறுத்திருக்கிறேன். ஆனால் "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பது காரணம் ஆகாது. அந்த இரண்டு அத்தியாயங்களை எடுத்துவிட்டால் பின்னால் எந்த முடிவு புரியாமல் போகும் என்று உங்களால் எடிட்டருக்கு ஒரு பத்தியில் எழுத முடிந்தால் அவை இருக்கட்டும். எழுத வராவிட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

எடிட்டர் என்றால் வெட்டுபவர் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் விவியன் ஸ்டீவன்ஸ் என்ற கறுப்பினப் பெண் எடிட்டர், டெல் என்ற பதிப்பகத்தின் காதல் நாவல் வரிசைக்குப் பொறுப்பேற்றபோது, வேலைக்குப் போகும், சொந்த முடிவெடுக்கும் நாயகிகளைத் தேடினார். கறுப்பின நாயகன் நாயகி கொண்ட காதல் நாவலை 1980இல் அந்த வரிசையில் வெளியிட்டார். அந்தக் கதைகளை எழுதக்கூடிய பெண்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். கேட்டு வாங்கிப் போட ஒரு எடிட்டர் வேண்டியிருந்தது.

இன்னும் ஒருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை: பிரதியை வரி வரியாகப் பார்ப்பவர். கதை எடிட்டருடைய வேலை முடிந்த பிறகு வருவார். மூன்றாம் அத்தியாயத்தில் பௌர்ணமி, பத்து நாள் கழித்து ஐந்தாம் அத்தியாயத்தில் மறுபடியும் பௌர்ணமியா என்று கேட்பவர் அவர்தான். நாயகனின் தங்கைக்கு எத்தனை வயது, யார் யாரை எப்போது "நீங்கள்" என்பதிலிருந்து "நீ"க்கு மாற்றினார்கள் என்றெல்லாம் தனியாகக் குறித்து வைத்திருப்பார். காதல் கதையில் அந்த "நீ" எவ்வளவு பெரிய சம்பவம்! அதை நான் அஜாக்கிரதையாக இரண்டு பக்கம் முன்னாலேயே செலவழித்துவிடாமல் காப்பாற்றித் தருபவருக்கு நன்றி சொல்லாமல் எப்படி?

கடிதத்துக்கு இன்றே பதில் போடாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி படியுங்கள். மன்னிப்புக் காட்சியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்; அது சரியாக அமைந்தால் சிறுவயது அத்தியாயங்கள் தேவையா என்பது தானே தெரியவரும். கூடுதல் அவகாசம் வேண்டுமானால் மட்டும் உடனே கேட்டுவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் பிரதி திருத்துபவரும் மெய்ப்பு பார்ப்பவரும் தேதி ஒதுக்கிக் காத்திருப்பார்கள்.

அன்புடன்.